கிழக்குத் தோட்டத்து மருந்து

நீங்க எங்கம்மா எறங்கணும்? புளியங்குடியா? புளியங்குடியில எந்தப் பக்கம்? சொல்லக்கூடாதுன்னா வேண்டாம். கருப்பானூர்ல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் உண்டா? இல்லைல்லா? முப்புடாதின்னு யாரையும் தெரியாதுல்லா? சரி, சரி. அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் இழுத்து விடுங்க, தூத்தல் உள்ள அடிக்கி. கேட்டதத் தப்பா நினைக்காதிய. யாரு யாருக்கு வேண்டப்பட்டவகன்னு இந்தக் காலத்துல மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல.

என் பேரு ஆவுடையம்மா. கோவில்பட்டியில மக வீட்டுல இருந்து வாரேன். விருந்துக்குப் போகல. கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தேன். எதுக்குப் போனேன், இப்ப எதுக்குத் திரும்புதேன்னு சொல்லுதேன், நீங்க ஞாயம் சொல்லுங்க. என் வீட்டுக்காரர்ட்ட ஞாயம் கேட்டுப் பிரயோசனம் இல்ல. மக அவ அப்பா கட்சி. மருமகன் வாயே தொறக்க மாட்டாரு. மூணாம் மனுசி நீங்கதான் சரி.

முப்புடாதி எனக்கு ஓர்ப்படியா. என் கொழுந்தன் பொண்டாட்டி. கொழுந்தன் சார்ஜாவுல வேல பாக்கான். இவ ஒத்தையில இங்கன தோட்டத்தப் பாத்துக்கிட்டு இருக்கா. எலுமிச்சத் தோட்டம்மா. எங்க பக்கம் எல்லாமே எலுமிச்சதான். மாமனார் இருந்த வரைக்கும் ஒரே தோட்டமா இருந்துச்சு. அவுக போன பிறகு அண்ணனும் தம்பியும் ரெண்டாப் பிரிச்சாக. மேற்குப் பாதி எங்களுக்கு, கிழக்குப் பாதி அவனுக்கு. கெணறு எங்க பாதியில இருக்கு. ஆனா பொதுக்கெணறு. மோட்டாரும் பொது. ஒரு நா எங்க மொற, மறுநா அவுக மொற. கிழக்க போற குழாய்க்கு ஒரு வால்வு உண்டு. அது எங்க நெலத்துக்குள்ள இருக்கு. குழாய் பதிச்சது மாமனாரு. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

போன வருசம் ஆடிக் கொடையில கோயில் முன்னால பொங்கல் விட்டுக்கிட்டு இருக்கோம். ஊர்ப் பொம்பளையெல்லாம் இருக்கா. இவ சொல்லுதா, "கெணத்துல பாதி எங்களுக்குன்னுதான் பேச்சு. ஆனா அக்கா வாசல்ல போயி நின்னாத்தான் தண்ணி வருது." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. சிரிச்சுக்கிட்டே சொல்லுத வார்த்தையத்தான் நான் நம்பவே மாட்டேன். பக்கத்துல இருந்த நாலு பேரு என்னையப் பாத்தாளுக. பொங்கப் பானையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

"வாசல்ல நிக்கேன்னு சொன்னேல்லா, நில்லு"ன்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேன். மறுநா வால்வ அடைச்சு, அதோட கைப்பிடியக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டேன்.

வந்தா. "அக்கா, தண்ணி வரலியே"ன்னா.

"வால்வு கெட்டுப் போச்சுளா. ஆளு வரணும்"னேன்.

"எப்ப வருவாக?"

"வரும்போது வருவாக."

என் வீட்டுக்காரரு கேட்டாக. அவுககிட்டயும் அதையேதான் சொன்னேன். நம்பிட்டாக. நம்பினாகளோ, நம்பின மாதிரி இருந்தாகளோ. அந்த மனுசன் மூஞ்சிய வச்சு ஒண்ணையும் கண்டுபிடிக்க முடியாது. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்.

ஆவணி போச்சு. புரட்டாசி வந்துச்சு. வெயிலுன்னா அப்படி ஒரு வெயில். கிழக்க அவ மரத்துல இலையெல்லாம் சுருண்டுருச்சு, வெத்தலைய மடிச்சுச் சுருட்டுவோமே, அப்படி. பிறகு கொட்ட ஆரம்பிச்சுது. அவ தெருக்குழாயில கொடம் கொடமாப் பிடிச்சு இடுப்புல சொமந்து போயி, புதுசா வச்ச கன்னுகளுக்கு மட்டும் ஊத்துனா. அப்படியும் கீழ வரிசைக் கன்னு அம்புட்டும் பட்டுப் போச்சு. ஒருநா மத்தியானம் வரப்புல உக்காந்து தலையில கைய வச்சிருந்தா. நான் எங்க பக்கத்துல நின்னு பாத்தேன். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல, கேட்டுக்கிடுங்க. என்னைய அப்படியாப்பட்டவன்னு நினைக்காதிய. ஆனா பிறகு யோசிச்சேன். இவ நெசமாவே அழுதாளா, இல்ல நான் பாக்கேன்னு தெரிஞ்சு உக்காந்தாளா? அதை யோசிச்ச பிறகுதான் சோறு எறங்குச்சு.

வந்து என் கால்ல விழச் சொல்லல. "அன்னைக்குக் கோயில்ல சொன்னது தப்புதான் அக்கா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தெறந்து விட்டிருப்பேன். அவ சொல்லலியே.

என் மரத்துக்குத் தண்ணி கொறையே வைக்கல. அவ மொறையும் எனக்குத்தான. பாத்தியில எந்நேரமும் ஈரம். மரம் பச்சைக் குடை விரிச்ச மாதிரி நிக்கும். ரோட்டுல போற வாறவுகல்லாம், கிழக்குத் தோட்டம் அவ்வளவுதான், விறகுக்குத்தான் ஆகும்னு பேசிக்கிட்டாக.

ஐப்பசியில மழை எறங்குச்சு. நல்ல மழை. ஊருக்கே பெஞ்ச மழை, அவளுக்கு மட்டும் பெய்யாதேன்னு நான் சொல்ல முடியுமா? கொஞ்ச நாள் போயிருக்கும். காலையில வாசல் தெளிக்கேன், ஒரு வாசம். கிழக்க இருந்து வருது. போயிப் பாத்தேன். என்னத்தம்மா சொல்லுதது. இலை தெரியல. கொப்பு தெரியல. அடியில இருந்து நுனி வரைக்கும் பூ. வெறகுக்குன்னு சொன்ன மரம். தேனீ இரையுது, பஸ் இன்ஜின் மாதிரி.

என் மரத்துல ஒத்தப் பூ இல்ல.

இப்ப நீங்க யோசிங்க. ரெண்டு மாசமா அவ பெரிய மரத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணி போகல. அதை என்னைய விட நல்லாத் தெரிஞ்சவ யாரு? கைப்பிடி என் அரிசிப் பானைக்குள்ள கெடக்கு. தண்ணி குடிச்ச மரம் சும்மா நிக்கி. தண்ணி இல்லாத மரம் பூக்குது. இதுக்கு என்ன அர்த்தம்? மருந்து. என்னமோ ஒரு மருந்து வச்சிருக்கா. தண்ணியே இல்லாம பூக்க வைக்குதுன்னா அது சாமானிய மருந்தா இருக்காது, வெளிநாட்டு மருந்து. கொழுந்தன் அந்த ஆனி மாசந்தான் லீவுல வந்துட்டுப் போனான். பெரிய பெரிய பொட்டி. எனக்குக் குடுத்தது ஒரு சேலையும் ஒரு தைல பாட்டிலும். மத்த பொட்டியில எல்லாம் என்ன இருந்துச்சு?

அதோட ஒண்ணு. அவ மரத்துக்கெல்லாம் அடியில, மொழங்கால் ஒசரத்துக்கு, நீலமா என்னத்தையோ பூசியிருந்தா. கேட்டேன், "என்னளா இது?"ன்னு. "மயில்துத்தமும் சுண்ணாம்பும் அக்கா, பட்டை அழுகாம இருக்க"ன்னா. அதுக்கு எல்லாரும் அதத்தான் பூசுவாக, நானும் பூசுவேன். ஆனா நான் பூசுனது வெளுத்துல்லா இருக்கும்? இது நல்ல நீலம். அப்ப உள்ள வேற என்னமோ கலந்திருக்கு. ஒருநா அவ ரேஷன் கடைக்குப் போன நேரம் பாத்து அவ தோட்டத்துச் சாமான் வைக்கிற செட்டுக்குள்ள போனேன். திருடப் போகலம்மா, பாக்கத்தான் போனேன். ஒரு வாளி, ஒரு மம்பெட்டி, சாக்கு, காலி டப்பா ஒண்ணு. மோந்து பாத்தேன். வாசமே இல்ல. வாசம் இல்லாத மருந்துதான் ரொம்ப வெல கூடுன மருந்து.

ஆளு இன்னுமா வரலன்னு வீட்டுக்காரரு கேட்டதால, மழை விட்டதும் வால்வப் பாதி மட்டும் தெறந்து விட்டுட்டு, கைப்பிடிய மறுபடியும் பானைக்குள்ள போட்டேன். கார்த்திகையில நான் மருந்துக்கடைக்குப் போனேன். எங்க ஊர்க்கடை ஞானராசு கடை. அவன் பொண்டாட்டியும் முப்புடாதியும் ஒரே மகளிர் குழுவுல இருக்காளுக. அதனால நான் பூவப் பத்தி வாயே தொறக்கல. பூன்னு சொன்னா இவன் அங்கன போயிச் சொல்லிருவான். "மரம் நல்லா வரணும் தம்பி, அதுக்கு ஒசத்தியா ஒரு மருந்து குடு"ன்னேன். அவன் ஒரு பொட்டலம் குடுத்தான். "இது வளர்ச்சி ஊக்கிம்மா, துளிர் நல்லா வரும். ஒரு டேங்குக்குச் சிட்டிகைதான் போடணும்"னான். சிட்டிகை போட்டா அவளுக்குச் சமமாத்தான வரும்? நான் அள்ளிப் போட்டேன்.

வந்துச்சம்மா துளிர். எப்படித் துளிர்ங்கிய. ஒவ்வொரு கொப்புல இருந்தும் ஆள் ஒசரத்துக்கு, நெட்டு நெட்டா, முள்ளு முள்ளா. உள்ள நுழைஞ்சா சேலையக் கிழிச்சிரும். தையில எப்பமும் பூக்கும் எங்க மரம். அந்தத் தையில பூக்கல. மாசியிலயும் பூக்கல. துளிரு மட்டும் வானத்தப் பாத்துப் போய்க்கிட்டே இருக்கு. என் வீட்டுக்காரரு மரத்தடியில நின்னு அண்ணாந்து பாத்துட்டு, "என்ன போட்ட?"ன்னாக. "ஒண்ணும் போடல"ன்னேன்.

சித்திரையில முப்புடாதி பழம் பறிச்சா. சித்திரை எலுமிச்சைன்னா உங்களுக்கே தெரியும்லா, ஊரெல்லாம் சர்பத்துக் கடை, பழம் எங்கயும் கெடைக்காது. ஏவாரிக தோட்டத்துக்கே வந்து வரிசையா நின்னாக. எங்களுக்கு வழக்கமா ஆடியிலதான் பழம் வரும். ஆடிப் பழத்த மாடு கூடத் திங்காது, அம்புட்டு மலிவு. இந்த வருசம் அந்த ஆடிப் பழமும் எனக்கு இல்ல.

அவ ஒரு கூடைப் பழத்தக் கொண்டாந்து என் வாசல்ல வச்சா. "அக்கா, ஊறுகாய் போடுங்க"ன்னா. மொத எடுப்பு முதல்ல எங்களுக்குன்னு கொண்டாந்தாளாம். நான் அதைத் தொடல. மருந்து வச்ச பழம், என்ன செய்யுமோ யாரு கண்டா? கூடையோட அப்படியே ஓரமா வச்சுட்டேன். என் வீட்டுக்காரரு ஒண்ணொண்ணா எடுத்து மோருல பிழிஞ்சு குடிச்சாக. அவுகளுக்கு ஒண்ணும் ஆகல. சில மருந்து ஆம்பளைகளுக்கு லேட்டாத்தான் வேல செய்யும்.

அப்பத்தான் எனக்கு உறுதியாச்சு, ஞானராசு எனக்கு மருந்த மாத்திக் குடுத்துட்டான்னு. அவளுக்குப் பூ மருந்து, எனக்கு முள்ளு மருந்து. ரெண்டு பேரும் கூட்டு. சரி, இந்த ஊர்க் கடையே வேண்டாம்னு சங்கரன்கோவிலுக்குப் போனேன். அங்கயும் நான் உள்ளதச் சொல்லல. யாரு யாருக்குச் சொந்தமோ. "எங்க மரம் ரொம்ப வளருது, அமத்தணும்"னேன். அந்தக் கடைக்காரரு, "எதுக்கு அமத்தணும்? என்ன மரம், எத்தன வயசு?"ன்னு ஆயிரம் கேள்வி கேட்டாரு. இம்புட்டுக் கேள்வி எதுக்கு கேக்காருன்னு எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. "குடுக்கியளா, வேற கடைக்குப் போகவா?"ன்னேன். குடுத்துட்டாரு. வேர்ல ஊத்துத மருந்து. கொஞ்சமா ஊத்தச் சொன்னாரு.

நான் கொஞ்சமா ஊத்தலம்மா. ஒரு வருசம் வீணாப் போயிருக்குல்லா.

ஆடிக்குள்ள வளர்ச்சி நின்னு போச்சு. நின்னு போச்சுன்னா, அடியோட நின்னு போச்சு. புதுசா வந்த இலையெல்லாம் எலிக்காது மாதிரி சிறுத்து, கொத்துக் கொத்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. பழைய இலையெல்லாம் மஞ்சளாச்சு. மாமனாரு கையால வச்ச மரம். நான் இந்த வீட்டுக்கு வந்த வருசம் வச்ச மரம் கூட அதுல உண்டு. காலையில தோட்டத்துக்குப் போகவே எனக்குக் கால் கூசுச்சு.

கண்டக்டர் தம்பி, கருப்பானூர் விலக்குல நிறுத்தணும், மறந்துராதப்பா. இவன் போன தடவ தாண்டிப் போயிட்டான். வேணும்னேதான் போனான்.

பிறகு நான் ஒண்ணு செஞ்சேன். முப்புடாதி மரத்துல இருந்து இலை கொஞ்சம், அடி மண்ணு கொஞ்சம், பையில போட்டு தோட்டக்கலை ஆபீசுக்குக் கொண்டு போனேன். அங்க ஒரு ஆபீசரம்மா, மெர்சின்னு பேரு, சின்ன வயசுதான். "இது யாரு மரம்?"னா. "எங்க மரந்தான்"னேன். "இதுல என்ன மருந்து இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க"ன்னேன். அந்தப் புள்ள இலையத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. "இலை நல்லா இருக்கே, எதுக்குச் சந்தேகப்படுறீங்க? நான் நேர்ல வாரேன்"னுச்சு. வேண்டாம்னு சொல்லியும் வந்துருச்சு. எங்க தோட்டத்தையும் பாத்துச்சு, வரப்புத் தாண்டி முப்புடாதி தோட்டத்தையும் பாத்துச்சு. ரெண்டையும் பாத்துட்டு எங்க மரத்தடியில நின்னு கேட்டுச்சு.

"போன வருசம் கிழக்குத் தோட்டத்துக்கு எப்பத்துல இருந்து தண்ணி நிறுத்துனீங்க?"

"வால்வு கெட்டுப் போச்சு"ன்னேன்.

"அதுதாம்மா மருந்து"ன்னுச்சு. "எலுமிச்சைக்குப் பூக்கணும்னா கொஞ்ச நாள் தாகம் இருக்கணும். தண்ணி இல்லைன்னதும் மரம் வளர்றத நிறுத்திட்டு, உள்ள பூவுக்குத் தயாராகும். பிறகு ஒரு மழை கெடைச்சதும் மொத்தமாப் பூத்துரும். தெரிஞ்சு செய்றவங்க அளவாக் காயப் போடுவாங்க. இங்க ரொம்பவே காஞ்சிருக்கு, கன்னு ஒரு வரிசையே செத்திருக்கு. பெரிய மரம் தப்பிச்சது அதிர்ஷ்டம். உங்க மரத்துக்குத் தாகமே இல்ல. அதுக்கு மேல வளர ஒரு மருந்து, வளராம இருக்க ஒரு மருந்து, ரெண்டும் அளவு மீறி. மரம் என்னதான் செய்யும்?"

எவ்வளவு அழகாப் பேசுச்சுங்கிய. ஆனா அது எங்க வீட்டுக்கு வாறதுக்கு முன்னால முப்புடாதி வீட்டுத் தாவாரத்துல உக்காந்து காப்பி குடிச்சுச்சு. நான் டம்ளரக் கண்ணால பாத்தேன். காப்பி குடிச்ச வாய் வேற எப்படிப் பேசும்? தாகமாம், தாகத்துல பூக்குமாம். தாகத்துல பூக்கும்னா ராமநாதபுரம் பூராவும் பூத்துல்லா கெடக்கணும்?

இந்த வருச ஆவணி பொறந்துச்சு. முப்புடாதி வந்தா. வாசல்ல நிக்கல, நேரா அடுப்படிக்கே வந்தா. நான் தேங்காய் திருகிக்கிட்டு இருக்கேன்.

"அக்கா, இந்த வருசம் வால்வ எப்ப அடைப்பிய?"ன்னா.

தேங்காய் மூடியக் கீழ வச்சுட்டேன். தண்ணி குடுன்னு சண்டை போடுவா, பதில் சொல்லலாம்னு இருந்தேன். இவ அடைக்கச் சொல்லுதா. "எதுக்குளா அடைக்கணும்?"னேன்.

"போன வருசம் மாதிரி. ஆனா பிழைச்ச கன்னுகளுக்கு மட்டும் விட்டுருங்க. பெரிய மரத்துக்கு இலை லேசா வாடுனதும் நானே வந்து சொல்லுதேன், தெறந்து விடுங்க."

இதுல என்னமோ இருக்குன்னு எனக்கு அப்பமே தோணிருச்சு. தண்ணிய அடைக்கச் சொல்லுதவ, தண்ணிய அடைச்சா அவளுக்கு லாபம் இருக்கு, அதனாலதான் சொல்லுதா. அதனால நான் அடைக்கல. அரிசிப் பானைக்குள்ள கைய விட்டு, அவ கண்ணு முன்னாலயே அந்தக் கைப்பிடிய எடுத்துக்கிட்டுப் போயி மாட்டி, வால்வ முழுசாத் தெறந்து விட்டேன். "இந்தா, உன் தண்ணி. மொறை தவறாம எடுத்துக்க. இனி யாரும் வாசல்ல நிக்க வச்சேன்னு சொல்லக்கூடாது"ன்னேன்.

அவ என்ன செஞ்சா தெரியுமா? அந்தத் தண்ணிய அவ பெரிய மரத்துக்கு விடல. வாய்க்கா வெட்டி, பக்கத்துக் கத்திரிக்காத் தோட்டத்துக்காரருக்கு விட்டுட்டா. குடுக்குத தண்ணிய வேண்டாங்குறவள எங்கயாவது பாத்திருக்கியளா?

அன்னைக்கு எனக்கு ஆத்திரம் தாங்கல. வரப்புல போயி நின்னு கேட்டேன். என் வீட்டுக்காரரும் அங்கதான் இருந்தாக.

"என்ன மருந்துளா வச்ச? நேரா சொல்லு. ஊரு முன்னால எனக்கு இப்படி ஆகிப்போச்சு. நீ என்ன வச்ச?"

அவ மம்பெட்டியக் கீழ வச்சா. "நான் ஒண்ணும் வைக்கல அக்கா. வால்வு எதுக்குக் கெட்டுச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். கொடைக்கு வந்திருந்த உங்க மக அரிசிப் பானையத் தொறந்தா பாருங்க, அவதான் சொன்னா. கெட்டது எதுக்குன்னு எனக்குத் தெரியும். மரத்துக்குத் தெரியாதுல்லா. அது பூத்துருச்சு."

கெட்டது எதுக்குன்னு எனக்குத் தெரியும், மரத்துக்குத் தெரியாது. இதுல என்ன உள்குத்து இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். உங்களுக்கு ஏதாவது தோணுதா?

அப்பத்தான் என் வீட்டுக்காரரு வாயத் தொறந்தாக. கல்யாணம் ஆனதுல இருந்து அடுத்தவுக முன்னால என்னைய ஒரு வார்த்தை சொல்லாத மனுசன். "ஆவுடை, நீ அடைச்ச தண்ணிதான் அவளுக்கு மருந்து. நீ ஊத்துன மருந்துதான் நமக்கு வெசம். இது புரிய உனக்கு இன்னும் எந்த ஆபீசர் வரணும்?"

நான் விடல. "அப்ப அவ தோட்டம் பூத்ததுக்கு நாந்தான் காரணமா? அப்படின்னா சித்திரைப் பழத்துல பாதி எனக்குல்லா வந்திருக்கணும்?"னேன். ஞாயந்தானம்மா? இவுக ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாக. முப்புடாதி சிரிச்சிருவா போல இருந்துச்சு. ஆனா சிரிக்கல. கண்ணுதான் கலங்குச்சு. "கீழ வரிசைக் கன்னு போச்சே அக்கா. அந்தக் கன்னு எல்லாம் அவுக லீவுல வந்து வச்சிட்டுப் போனது"ன்னா.

கோவில்பட்டியில மக வீட்டு மாடியில உக்காந்து அதுக்குப் பதில் யோசிச்சேன், நெசமாவே. நல்ல பதில் ஒண்ணும் கெடைக்கல. அதை விடுங்க.

என் வீட்டுக்காரரு அங்கனயே அவகிட்டச் சொன்னாக, "மேற்குத் தோட்டத்தையும் நீயே பாரு முப்புடாதி. உனக்கு எது சரின்னு படுதோ செய்யி. தண்ணி விடணுமா, நிறுத்தணுமா, நீ சொல்லு." என்னைய ஒரு வார்த்தை கேக்கல. மறுநாக் காலையில அவ எங்க தோட்டத்துக்குள்ள அருவாளோட நிக்கா. அந்த நெட்டுக் கொப்பையெல்லாம் வெட்டுதா. மருந்து ஊத்துன அடி மண்ணக் கிளறித் தள்ளிட்டு, எருவும் புது மண்ணும் போடுதா. முழுசாப் பட்ட மரத்த வேரோட எடுக்கா. என் கண்ணு முன்னால. என் தோட்டத்துல. பிறகு என் மரத்துக்கும் தண்ணிய நிறுத்திட்டா.

பழி வாங்குதான்னு சொன்னேன். நான் அவளுக்குச் செஞ்சத எனக்குச் செய்யுதா. வேற என்ன? அன்னைக்கே துணிமணிய எடுத்துக்கிட்டுப் பஸ் ஏறிட்டேன். கூப்பிட வருவாகன்னு பாத்தேன். வீட்டுக்காரரு வரல. தெனமும் போன் மட்டும் போடுவாக. சாப்பிட்டியான்னு கேப்பாக. நான் தோட்டத்தப் பத்திக் கேக்க மாட்டேன், அவுகளும் சொல்ல மாட்டாக. ஐப்பசியில கோவில்பட்டியிலயும் மழை பெஞ்சுச்சு. நான் மாடியில நின்னு, இந்த மழை அங்கயும் பெய்யுமான்னு பாத்துக்கிட்டு நின்னேன். சும்மாத்தான்.

நேத்து சாயங்காலம் போன் போட்டாக. சாப்பிட்டியான்னு கேட்டாக. பிறகு சொன்னாக, "ஆவுடை, மரம் பூத்திருக்கு. எல்லாம் இல்ல. வடக்கோர வரிசை. நீ வந்த வருசம் அப்பா வச்ச மரமும் பூத்திருக்கு. வந்து பாரு."

பாத்தியளா? இப்பப் புரியுதா? நான் அன்னைக்கே சொன்னேன்லா? என்னைய ஊரை விட்டு அனுப்பிட்டு, எங்க மரத்துக்கும் அந்த மருந்த வச்சிட்டா. நான் இருந்தா கண்டுபிடிச்சிருவேன்னு தெரியும் அவளுக்கு. பொழுது விடியத் தாமசம், பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். மக கேக்கா, "அம்மா, பூவப் பாக்கவா போற?"ன்னு. பூவப் பாக்க நான் எதுக்குப் போறேன்? மருந்தக் கண்டுபிடிக்கத்தான் போறேன்.

ராத்திரி தூங்கலம்மா. கண்ணு அதான் இப்படிச் செவந்து கெடக்கு.

தம்பி, விலக்கு வந்துருச்சு, நிறுத்துப்பா. அந்தப் பைய எடுத்துக் குடுங்கம்மா, கனமா இருக்கும், முறுக்கும் கன்னும் இருக்கு. கோவில்பட்டியில ஒரு நர்சரியில கெடைச்சுச்சு, எலுமிச்சக் கன்னு, சும்மா பாத்தேன், வாங்கிட்டேன். ஒரு வரிசைக்குக் காணும்.

அங்க பாருங்க. அந்த வேப்பமரத்தடியில, ஸ்கூட்டி பக்கத்துல, குடையப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தி நிக்காளே. அவதான். அவதான் முப்புடாதி. நான் இந்த பஸ்ல வாரேன்னு அவளுக்கு யாரு சொன்னா? குடை இருந்தும் பாதி நனைஞ்சு போயி நிக்கா. இந்தத் தூத்தல்ல எதுக்கு வந்து நிக்கணும்? காரணம் இல்லாம நிப்பாளா?

இருக்கட்டும். நான் ஒண்ணும் காட்டிக்கிட மாட்டேன். பின்னால ஏறி உக்காந்து, அவ தோளப் பிடிச்சுக்கிட்டு, மெள்ளப் பேச்சுக் குடுப்பேன். ஒருநா ரெண்டு நாள்ல சொல்ல மாட்டா, அழுத்தக்காரி. தெனமும் அவகூடத் தோட்டத்துக்குப் போகணும். அவ வெட்டும்போது பக்கத்துல நின்னு நானும் வெட்டணும். அவ தண்ணி கட்டும்போது நானும் கூட நிக்கணும். எத்தன வருசம் ஆனாலும் சரி, அந்த மருந்து என்னன்னு கண்டுபிடிக்காம அவள விட மாட்டேன்.

வாரேன்ம்மா. பாத்துப் போங்க.